முருக்க மரத்து நகரில் ஒரு தமிழ்க் கல்

முள்முருக்கு நமக்குப் புதியதொரு மரமன்று. யாழ்ப்பாணத்து வேலிகளிலே கதியாலாக நிற்பதும், ஆட்டுக்குக் குழையாவதும், மணவீட்டு முற்றத்திலே கன்னிக்காலாக நாட்டப்படுவதும் அதுவே. அம்மரத்தின் பெயரைத் தாங்கிய நகரம் ஒன்று சீன தேசத்தின் தென்கீழ்க் கரையில் உண்டு. பூஜியன் மாகாணத்துச் சுவான்சௌ நகரே அது. பத்தாம் நூற்றாண்டிலே நகர்மதிலை விரித்துக் கட்டிய காலத்தில் அதனைச் சூழ முருக்க மரங்களை நட்டனர். சீனர் அம்மரத்தைச் 'சித்தோங்' என்பர். அப்பெயரையே அராபிய வணிகர் 'செய்தூன்' எனத் தம் நாவுக்கேற்பத் திரித்து நகரின் பெயராக்கினர். அவர்தம் மொழியிற் செய்தூன் என்றால் ஒலிவ மரம். பதினான்காம் நூற்றாண்டிலே இந்நகரைக் கண்ட இபுனு பதூதா, பெயர் செய்தூன் ஆயினும் இங்கு ஒலிவ மரம் இல்லை என வியந்து எழுதினார். முருக்க மரத்தை அறிந்த தமிழன் ஒருவன் உடனிருந்திருப்பின் அவ்வையத்தை அன்றே தீர்த்திருப்பான்.

தமிழன் அங்கு இல்லாமலும் இல்லை. அதனாலேயே யானும் அந்நகரைக் காண விழைந்தேன். சில காலத்துக்கு முன், உல்லாசப் பிரயாணிகள் குழுவொன்றோடு அங்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. உடன்வந்தோர் பட்டும் தேயிலையும் வாங்கும் நோக்கினர். யானோ ஒரேயொரு கல்லைக் காணும் நோக்கினேன்.

சொங், யுவான் என்னும் இரு மரபினர் ஆட்சிக் காலங்களிலே உலகப் பெருந் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய நகரம் இது. 2021ஆம் ஆண்டில் இதன் 22 தலங்கள் உலக மரபுரிமைச் சின்னங்களாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டன. 1009இல் எழுந்த பள்ளிவாசலின் கல்வாயில் இன்றும் நிற்கின்றது. நகர்க்குப் புறத்தே, 1339இற் செதுக்கப்பெற்ற மானியின் உருவம் ஒரு சிறு கோயிலில் உளது. மானி சமயம் உலகில் ஏறக்குறைய முற்றாக மறைந்துபோக, அதன் முதல்வர் இங்கே அமர்ந்திருக்கின்றார். 1053 தொடக்கம் 1059 வரை கட்டப்பெற்ற லுவோயாங் பாலத்தின் அடித்தளக் கற்களைப் பிணைப்பதற்குச் சிப்பிகளை வளர்த்தனராம். சாந்து பிடிக்காத கடல்நீரிலே உயிருள்ள சிப்பியே சாந்தாயிற்று. 1974இல் விரிகுடாச் சேற்றிலிருந்து வெளிக்கொணர்ந்த சொங் காலத்து மரக்கலம் ஒன்றையும் கண்டேன். எஞ்சிய உடலே 24 மீற்றர் நீளமுடையது. உள்ளே 13 அறைகள். ஓரறையில் நீர் புகினும் மற்றையவை கலத்தைத் தாங்கும். அதிற் கிடைத்த பொருள்களுள் நறுமண மரங்களும் மிளகும் இருந்தன.

இனி, யான் காணச் சென்ற கல்லைப் பற்றிக் கூறுவேன். 1956ஆம் ஆண்டிலே இந்நகரிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லில் தமிழ் வரிகளும் அவற்றின் கீழே சீன எழுத்துக்களும் உள்ளன. சக ஆண்டு 1203, அஃதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்களில் அது பொறிக்கப்பட்டது. தவச்சக்கரவர்த்திகள் என்னும் மறுபெயருடைய சம்பந்தப்பெருமாள் என்பார், செகசைகானின் திருமேனி நலம் வேண்டி, அவ்வரசனின் ஆணைப்படி, சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் பொருள். செகசைகான் எனப்பட்டவன் மங்கோலியப் பேரரசன் குப்ளாய்கானே என ஆய்வாளர் பலர் கொள்வர். கோயிலின் பெயரைத் திருக்கதலீசுவரம் எனப் படித்தனர்; வேறு வகையாகப் படித்தாரும் உளர். ஆணை என்னும் பொருளில் 'பர்மான்' என்ற பாரசீகச் சொல்லே தமிழெழுத்தில் நிற்கின்றது. சீன மண்ணிலே, மங்கோலிய மன்னனுக்காக, பாரசீகச் சொல்லொன்றை இடையிட்டு, ஒரு தமிழன் சிவனை வேண்டினான்.

ஆயின், அக்கல் சுவான்சௌவில் இல்லை. அண்மையிலுள்ள ஷியாமென் நகரின் சர்வகலாசாலை நூதனசாலையில் அது வைக்கப்பட்டிருக்கின்றது என்பதை அங்குப் போய்ச் சேர்ந்த பின்னரே அறிந்தேன். நூல் பல கற்றும் வழி கேட்க மறந்த என் பேதைமையை என்னென்பது! எமது குழு மறுநாளே புறப்பட வேண்டியிருந்தது.

வாடிய முகத்தோடு காய்யுவான் பௌத்தப் பள்ளியுட் புகுந்தேன். கி.பி. 686இல் தோன்றிய பள்ளி அது. அதன் இரு கற்கோபுரங்கள் நாற்பது மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. பெருமண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்திலே வேறுபட்ட இரு தூண்கள் உள்ளன. பதினாறு பட்டைகள் கொண்ட அத்தூண்களை அணுகியதும் என் கால்கள் நின்றுவிட்டன. ஒரு வட்டத்துள் நரசிங்கம். மற்றொன்றில் இரட்டை மருதமரங்களிடையே கண்ணன். வேறொன்றில் ஆய்ச்சியர் துகில் கவரும் கோலம். அழிந்துபோன கோயிலொன்றின் தூண்கள், மிங் காலத்தார் பௌத்த மண்டபத்தைப் புதுப்பித்தபோது அதற்குத் தாங்குகோல்களாயின. அயற் கிராமமாகிய சிதியனிலே நான்கு கையுடைய நம் தேவி ஒருத்தி, குவான்யின் என்னும் பெயரோடு இன்றும் தூபமும் பழமும் பெறுகின்றாள். கடல்வழி நூதனசாலையிலோ, யானை இலிங்கத்தை வழிபடும் சிற்பம். திருவானைக்காப் புராணத்தை அறிந்தவர் கண்ணுக்கு அதன் பொருள் விளங்காது போகுமோ?

இவற்றைக் கண்டு, சீனத்தை அன்று தமிழன் ஆண்டான் என்று முழங்குவார் நம்மிடையே உளர். கல் அவ்வாறு சொல்லவில்லை. அயல்நாட்டில், அந்நாட்டு அரசனின் இசைவு பெற்று, அவன் நலத்தையே வேண்டி, தன் தெய்வத்தைத் தன் மொழியிலே வழிபட்டான் ஒருவன் என்றே கல் சொல்கின்றது. ஆண்டான் என்பதினும் இது சிறுமையன்று. வெற்றி முழக்கம் செய்த கல்வெட்டுக்கள் பல. இதுவோ பிறன் உடல்நலம் வேண்டிய கல்வெட்டு.

இக்கற்கள் எவ்வாறு எஞ்சின? 1368இல் யுவான் ஆட்சி வீழ்ந்தது. அதற்கு முன்னரே உள்நாட்டுக் கலகத்தில் நகரம் சிதைந்திருந்தது. கோயிற் கற்களும் கல்லறைக் கற்களும் நகர்மதிலுக்கு நிரப்புக் கற்களாயின. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அம்மதிலை இடித்தபோது அவை மீண்டும் வெளிப்பட்டன. வாங்குவோர் கல்தச்சரே. படியாகவும் வேலைக் கல்லாகவும் அவை போய்க்கொண்டிருந்த வேளையிலே ஒருவர் குறுக்கே நின்றார். அவர் ஊ வென்லியாங் என்பவர். மன்னரல்லர், செல்வரல்லர், உயிரியல் கற்பித்த பள்ளியாசிரியர். இடிபாடுகளிடையே திரிந்து, தம் கைப்பொருளைக் கொடுத்துக் கற்களை வாங்கினார். அரபும் தமிழும் அவர் தாய்மொழியல்ல. எனினும் எழுத்துள்ள கல் எதுவாயினும் அது ஒருவரின் சொல் என்பதை அவர் அறிந்திருந்தார். சுவான்சௌவின் சமயக் கற்சிற்பங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது. தாம் சேர்த்தவற்றையும் பொதுவுடைமையாகக் கொடுத்தார்.

இதனைக் கேட்டபோது யான் தலைகுனிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், எம் அயலூர்க் கோயில் ஒன்றிலே திருப்பணி நடந்தது. பழைய மண்டபத்தைப் பிரித்த கற்கள் வீதியிற் குவிந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றிலே தேய்ந்த எழுத்துக்கள் சில இருந்ததைக் கண்டேன். மறுநாள் தாளும் மையும் கொண்டுவந்து படியெடுப்போம் என எண்ணி வீடு திரும்பினேன். மறுநாள் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. அதற்கு மறுநாள் மழை. நான்காம் நாள் சென்றபோது கற்கள் யாவும் உடைக்கப்பட்டு அத்திவாரத்துள் இறங்கியிருந்தன. எவரையும் குறைகூற எனக்கு வாயில்லை. அவர்கள் அறியாது செய்தார்கள். யானோ அறிந்தும் வாளாவிருந்தேன். சீனத்து உயிரியல் ஆசிரியர் தமிழ்க் கற்களுக்கு வேலி கட்டிய கதையை, தமிழ் கற்பிக்கும் பண்டிதன் ஒருவன் கேட்டு நின்ற நிலை அது.

கடல் கடந்து கல் தேடுமுன் நம் வீட்டு வாயிலைப் பார்த்தல் நன்று. கொழும்பு நூதனசாலையிலே, 1911இற் காலியிற் கண்டெடுத்த மும்மொழிக் கல் நிற்கின்றது. சீனக் கடற்றளபதி செங் ஹே கொணர்ந்த அக்கல்லில் 1409ஆம் ஆண்டு பொறித்துளது. சீனமொழி புத்தரையும், பாரசீகம் அல்லாவையும், தமிழ் தேனாவரை நாயனாரையும் போற்றுகின்றன. அதே செங் ஹே 1417இற் சுவான்சௌ சென்று இசுலாமியப் பெரியார் கல்லறையிலே தூபமிட்டமைக்கும் கல் சான்று உண்டு. சம்பந்தப்பெருமாள் அங்கு வைத்த தமிழுக்கு, 128 ஆண்டுகளின் பின் சீனம் இங்கு வைத்த தமிழ் விடையாயிற்று எனலாம். நம் மாணவருள் எத்தனை பேர் அதனை நேரிற் கண்டுளர்?

ஆசிரிய அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த கல்விச் சுற்றுலாவில் மாணவரை அக்கல்லின் முன் நிறுத்துங்கள். ஊர் திரும்பியபின் அவரவர் கோயில் வீதியிலும் கிணற்றடியிலும் எழுத்துள்ள கல் கிடக்கின்றதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். கண்டால் அன்றே படியெடுக்கச் சொல்லுங்கள். மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.