ஒரு யூனிட் கரண்ட்டுக்கு எவ்வளவு சாம்பல்?

கரண்ட் பில்லுல வர்ற 'யூனிட்'ல இருந்தே இன்னைக்கு எபிசோடை ஆரம்பிச்சிடலாம். அனல் மின்நிலையத்துல ஒரு யூனிட் தயாரிக்க சுமாரா 600, 700 கிராம் நிலக்கரி எரியணும். இந்திய நிலக்கரியில 30 முதல் 45 சதவீதம் வரைக்கும் சாம்பல்தான். அப்போ ஒரு யூனிட்டுக்கு சுமாரா 200 கிராம். ராத்திரி முழுக்க ஏசி ஓடி 8 யூனிட் ஆச்சுன்னா, ஒன்றரை கிலோவுக்கு மேல. (எல்லா கரண்ட்டும் நிலக்கரியில இருந்து வர்றதில்ல, காற்றாலை, சோலார் எல்லாம் இருக்கு. ஒரு அளவு புரியறதுக்காகச் சொல்றேன்.)

இந்தச் சாம்பல் எங்க போகுது? சென்னையில இருக்கிறவங்க ரொம்ப தூரம் தேட வேண்டாம், எண்ணூருக்குப் போனா போதும்.

அங்க இருக்கிற வடசென்னை அனல் மின்நிலையத்தோட முதல் ரெண்டு நிலைகளும் சேர்ந்து 1,830 மெகாவாட். ஒடிசா நிலக்கரி கப்பல்ல வந்து இறங்குது. எரிஞ்ச சாம்பல்ல உலர்ந்ததா எடுக்கிறதை சிமெண்ட் கம்பெனிகளும் ஃப்ளை ஆஷ் கல் செய்யறவங்களும் வாங்கிக்கிறாங்க. மிச்சத்தைத் தண்ணியில கரைச்சு, கூழாக்கி, குழாய்ல செப்பாக்கம் பக்கத்துல இருக்கிற சாம்பல் குளத்துக்கு அனுப்பறாங்க. பிரச்சினையே இந்தக் குழாய்தான். அது கொசஸ்தலை ஆற்றோட கழிமுகப் பகுதியைக் கடந்து போகுது. வருஷக்கணக்கா கசிஞ்சிருக்கு, உடைஞ்சிருக்கு. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு.

கசிஞ்ச சாம்பல் ஆத்துக்கு அடியில படியுது. படகு போன இடம் மேடாகிடுச்சு. சேத்துல கையால தடவியே இறால் பிடிக்கிற இருளர் மக்களுக்கு, சேறு இருந்த இடத்துல இப்போ சாம்பல். சாம்பல்ல ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இன்னொண்ணு, பெருமழை பெய்தா தண்ணி கடலுக்குப் போற வழியும் இதே கழிமுகம்தான். ஆழம் குறைஞ்சா வெள்ளம் ஊருக்குள்ள நிக்கும். மீனவங்க பிரச்சினைன்னு இதை ஓரமா ஒதுக்கறதுல எனக்கு உடன்பாடே இல்ல.

சரி, காற்றுக்கு வருவோம். புகைபோக்கியைப் பார்த்தா பெருசா கரும்புகை தெரியாது. தூசியைப் பிடிக்கிற கருவி உள்ளேயே இருக்கு. ஆனா அது வாயுவைப் பிடிக்காது. நிலக்கரியில இருக்கிற கந்தகம் எரிஞ்சு சல்ஃபர் டை ஆக்சைடா வெளியே வருது, வந்த பிறகு காற்றுலயே மாறி பிஎம் 2.5 நுண்துகளா ஆகுது. அதாவது உங்க தலைமுடியோட தடிமன்ல முப்பதுல ஒரு பங்கைவிடச் சின்னது. நுரையீரலோட ஆழத்துக்குப் போய் ரத்தத்துலயும் கலக்கும். ஆஸ்துமா மட்டுமில்ல, மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் இதுக்குத் தொடர்பு இருக்கு. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் பயணமும் பண்ணும்.

இந்த வாயுவைப் பிடிக்க எஃப்ஜிடின்னு ஒரு கருவி இருக்கு. 2015 டிசம்பர்ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, நிலையங்களுக்கு ரெண்டு வருஷம் டைம். அந்தக் கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப் போச்சு. 2025 ஜூலைல பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துட்டாங்க. டெல்லி வட்டாரத்துலயும், 10 லட்சம் பேருக்கு மேல வாழற நகரங்கள்ல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ளயும் இருக்கிற நிலையங்கள் மட்டும் 2027 முடியறதுக்குள்ள கண்டிப்பா பொருத்தணும்.