முதுகலை மாணவர்களின் மன அழுத்தமும் சிந்தனைப் பாணியும்

கோவை லாலி ரோட்டில் இருந்து மருதமலை பக்கம் போனால் வழியிலேயே ரெண்டு பல்கலைக்கழகம். ஒண்ணு 1971-இல் வந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், இன்னொண்ணு 1982-இல் வந்த பாரதியார் பல்கலைக்கழகம். இங்கே முதுகலை படிக்கிற பிள்ளைகளில் சிலர், யூஜி வரைக்கும் நல்லாத்தான் இருந்தோம், பீஜி வந்த பிறகுதான் தூக்கம் போச்சு என்பார்கள். பாடம் கூடிப்போனது மட்டும் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1988-இல் ஒரு கோட்பாடு சொன்னார். நாட்டை ஆள்வது மாதிரி நாம் நம் மனசையும் ஆள்கிறோம் என்பது அவர் கணக்கு. 13 பாணிகளில் மூன்று இங்கே முக்கியம். தானே புதுசா வழி வகுப்பது சட்டமியற்றும் பாணி. சொன்னதைச் சொன்னபடி முடிப்பது நிர்வாகப் பாணி. எதையும் எடைபோட்டுப் பார்ப்பது தீர்ப்புப் பாணி. இது திறமையின் அளவு இல்லைங்க; இருக்கிற திறமையை எப்படிப் பயன்படுத்தப் பிடிக்கிறது என்பதுதான்.

நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளில் பிளஸ் டூ படித்து வருகிற பிள்ளைக்கு நிர்வாகப் பாணிதான் மார்க் வாங்கித் தந்தது. திடீரென்று கைடு, "தலைப்பு நீயே யோசிச்சுட்டு வாப்பா" என்கிறார். அதுவரை கை கொடுத்த பழக்கம் அங்கே கை கொடுப்பதில்லை.

அழுத்தத்தைச் சமாளிப்பதை லாசரஸ், ஃபோக்மன் இருவரும் 1984-இல் ரெண்டாகப் பிரித்தார்கள்: பிரச்சினையைச் சரிசெய்வது, உணர்ச்சியைச் சரிசெய்வது. ரெண்டாவது தப்பி ஓடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1979-இல் அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்தது. அந்தப் பக்கத்து மக்களை ஆராய்ந்தபோது, உணர்ச்சியைச் சமாளித்தவர்களிடம்தான் பாதிப்பு குறைவாக இருந்தது. அணு உலையை அவர்களால் என்ன செய்ய முடியும்?

ஒரு எம்.எஸ்சி. அக்ரி மாணவி நிலக்கடலை விதைக்கிறாள், மழை ஏமாற்றிவிடுகிறது, முளைப்பு சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகப் பாணி என்றால் கைடு சொல்லட்டும் என்று காத்திருப்பாள். சட்டமியற்றும் பாணி என்றால் மூன்று புதுத் திட்டம் போட்டு மூன்றையும் பாதியில் விடக்கூடும். தீர்ப்புப் பாணிக்காரி வயலை விட்டுவிட்டுத் தன்னையே விசாரிக்க ஆரம்பித்தால்தான் சிக்கல் பெரிசு. ஏன் எனக்கு மட்டும், நான் லாயக்கில்லையோ என்று அதையே அசைபோடுவாள். மாடு அசைபோட்டால் தீவனமாவது செரிக்கும். எங்க தொழிலில் இதை இன்ஃபினிட் லூப் என்போம்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் வந்தது. அதற்கு 2 வாரம் முன்புதான், தற்செயலாக, ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களின் மனநிலையை சூசன் நோலன்-ஹோக்சிமா அளந்து வைத்திருந்தார். ஏற்கெனவே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களுக்கு 7 வாரம் கழித்தும் மனச்சோர்வு அதிகமாக இருந்தது.

அதனால் பாணியை மாற்று என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். நோட்டில் நடுவே ஒரு கோடு போடலாம். இந்த வாரம் என்னால் நகர்த்த முடிவது இடப்பக்கம்: தொட்டியில் மறுவிதைப்பு, கைடிடம் பேச்சு. முடியாதது வலப்பக்கம்: மழை, ஜர்னலின் பதில். வலப்பக்கத்துக்கு நடை, நண்பர்கள் அறை, வீட்டுக்கு ஒரு போன் போதும். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால் பாணியெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.