ஜனவரியில் மட்டும் தெரியும் வெனிஸ்

எடின்பரோவின் ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்தில் ஆங்கில ஓவியர் டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. வெனிஸ் காட்சிகளும் அவற்றில் உண்டு. ஆனால் ஜனவரி மாதம் மட்டும்தான் அவை பொதுக் காட்சிக்கு வரும். 1900இல் உயில்வழியே அவற்றைக் கூடத்துக்கு வழங்கிய ஹென்றி வாகன் போட்ட நிபந்தனை அது: வெளிச்சம் குறைந்த மாதத்தில், எல்லாவற்றையும் ஒருசேர, கட்டணமில்லாமல் காட்ட வேண்டும். நீர்வண்ணச் சாயம் வெயிலுக்கு வெளிறிவிடும் என்ற கவலை. அங்கத்திய வெயிலுக்கே அந்தக் கவலை என்றால், கொச்சி வெயிலையும் எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையின் பூஞ்சையையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1840இல் டர்னர் வெனிஸில் தங்கியது இரண்டு வாரம்தான். பெருங்கால்வாயின் முகப்பில் இருந்த ஹோட்டல் யூரோப்பாவில் அறை. எதிரே சுங்கமாளிகை, அதையடுத்து சலூட்டே தேவாலயம். ஈரத்தாளில் சாயத்தைப் பரவவிட்டு, கட்டடம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் செய்துவிடுவார். வெயில் வேண்டிய இடத்தில் தாளையே வெறுமையாக விட்டுவிடுவார். பாய்மரத்துக்கு ஓரிரு கோடு, படகுக்கு ஒரு கறுப்புத் தீற்றல். கைவண்ணம் பெரிதுதான். ஆனால் பாதி வேலையை ஊரே செய்து கொடுத்தது என்பேன். வெனிஸ் மாளிகைகளின் தலைவாசலே கால்வாயில்தான் இருக்கிறது. இடையில் கரை கிடையாது.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் அப்படியொரு காட்சியை இன்றும் ஓரளவு பார்க்கலாம். பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்கு முன்பக்கம் தெரு, பின்பக்கம் காயல். மிளகும் சுக்கும் வள்ளத்திலேயே வந்து இறங்கிய காலத்தில் எது முன், எது பின் என்பது வியாபாரியைப் பொறுத்தது.

காயலுக்கு மறுகரையில், எறணாகுளம் பக்கத்துத் தேவராவில் கதை வேறு. பேரண்டூரையும் தேவராவையும் நகரத்தின் குறுக்கே இணைக்கும் கால்வாய் ஏறத்தாழ 10 கி.மீ. நீளம். வள்ளங்கள் போன வழி. சாலை வந்ததும் வீடுகள் கால்வாய்க்கு முதுகைக் காட்டின. மதில் எழும்பியது, சமையலறைக் கழிவு அதில் விழுந்தது. மழை வலுத்தால் அதே தண்ணீர் தெருவுக்கு ஏறுகிறது. எந்த ஓவியரும் இங்கே தாளை விரிக்கமாட்டார்.

2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ என்னும் படகுச் சேவை காயலில் ஓடத் தொடங்கியது. தேவரா-பேரண்டூர் உள்ளிட்ட கால்வாய்களைச் சீரமைக்கும் பொறுப்பும் கொச்சி மெட்ரோ நிறுவனத்திடமே இருக்கிறது. தூர்வாருவது எளிய பகுதி. தாழ்வான பாலங்களை உயர்த்துவதும், வீட்டுக் கழிவுக்குத் தனிக்குழாய் போடுவதும்தான் நிஜமான வேலை.