பழைய ஆர்சி கார் வாங்குகிறீர்களா? பெட்டி எண்ணைப் பாருங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் வாங்கிவந்த, ஆர்சி எனப்படும் ரிமோட் கார்கள் ஒரு காலத்தில் ஷோகேஸில் பூட்டிவைக்கப்பட்டிருந்தன. அன்று தொட்டுப் பார்க்கக் கிடைக்காத பிள்ளைகள் இன்று சம்பாதிக்கிறார்கள். பழைய கார்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். விருத்தாசலத்தில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் காரும் வரும், உதிரி பாகமும் வரும். கூடவே ஏமாற்றும் வரும், தீயும் வரும்.

அசலா, மறுவெளியீடா?

ஜப்பானின் டமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 காரைத் தன் முதல் ஆர்சி மாடலாக வெளியிட்டது. 1984இல் வந்த கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் கார்களுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. 2004, 2005இல் அதே நிறுவனமே அவற்றை மறுபடி வெளியிட்டது. மறுவெளியீடு போலி அல்ல, நல்ல வண்டிதான். அதையே நாற்பது வருஷத்துச் சரக்கு என்று சொல்லி விலையை ஏற்றுவதுதான் மோசடி.

பெட்டியில் உள்ள எண் உண்மையைச் சொல்லிவிடும். ஹார்னெட்டின் பழைய எண் 58045, மறுவெளியீட்டின் எண் 58336. கிராஸ்ஹாப்பருக்கு 58043, 58346. பணம் அனுப்புமுன் பெட்டியின் பக்கவாட்டு, காரின் அடிப்பக்கம், கியர் பெட்டி, டயர் ஆகியவற்றைப் படம் கேட்டு வாங்குங்கள். "அசல் 1984 மாடல்" என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியும் பின்னால் ஆதாரமாக உதவும்.

பேட்டரி மாற்றும்போது

பழைய கார்கள் 7.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடின. இன்று கிடைக்கும் லைபோ (லித்தியம்-பாலிமர்) பேட்டரி 7.4 வோல்ட். அளவு கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று அப்படியே மாட்டுகிறவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான். லைபோவின் ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பழைய காரின் வேகக் கட்டுப்பாடு சர்வோ நகர்த்தும் வெறும் சுவிட்ச். பேட்டரி வற்றுகிறது என்று அதற்குத் தெரியாது. வற்றிப்போன செல்லைத் திரும்பச் சார்ஜில் போட்டால் அது உப்பலாம், தீப்பிடிக்கலாம்.

லைபோ வேண்டுமென்றால் வோல்டேஜ் குறைந்ததும் தானே நிறுத்தும் எலெக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாட்டையும், செல்களைச் சமன்செய்யும் லைபோ சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள். நிக்கல் பேட்டரி சார்ஜரில் லைபோவைச் செருகவே கூடாது. பாய், மெத்தை, பிளாஸ்டிக் மேசை மேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தடித்த டைல்ஸ் துண்டுக்கா பஞ்சம்? அதன்மேல் வையுங்கள்; ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்க்காதீர்கள். காட்மியம் நச்சு என்பதால் பழைய பேட்டரியைக் குப்பையில் எறிவதும் தவறு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் தனியே பிரித்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைப்பது நுகர்வோரின் கடமை.

சட்டம் தரும் உரிமை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தர மறுப்பதை நியாயமற்ற வணிகமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கெடு. ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

காரை மேம்படுத்துகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதே சட்டத்தின் பிரிவு 87. பாதிப்பு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால், விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது. மோட்டாரையும் பேட்டரியையும் மாற்றிவிட்டுக் கார் எரிந்தது என்று கடைக்காரரைப் பிடிக்க முடியாது. ஆகவே கார் வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். குறை இருந்தால் ஸ்க்ரூவைத் தொடுமுன் புகார் கொடுங்கள். கழற்றிய அசல் பாகங்களை எறியாதீர்கள். பின்னால் விற்கும்போது அவைதான் விலை பேசும்.

யாரிடம் போவது?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால், விருத்தாசலத்துக்காரர்களுக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் வியாபாரி அல்லாத தனிமனிதர் தன் பழைய காரை விற்றிருந்தால் இந்த வழி பெரும்பாலும் உதவாது. காவல் நிலையத்தையோ சிவில் நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு.

பில், படம், எழுத்தில் உறுதி மூன்றும் கையில் இல்லாமல் பழைய காருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.