சொல்லும் பொருளும் – 14: கால் இல்லாமல் ஓடும் 'ரன்'

ஆங்கிலச் சொற்களில் மிகுதியான பொருள்களைச் சுமப்பது எது என்னும் கேள்விக்கு, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக வெளிவந்த 1989ஆம் ஆண்டில் 'செட்' என்பதே விடையாக இருந்தது; அந்த ஒரு வினைச்சொல்லை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் அப்பதிப்பில் செலவாயின. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப்பணி 'எம்' எழுத்திலிருந்து தொடங்கி நடந்துவந்தபோது முதலிடம் கைமாறத் தொடங்கியது. 2000இல் 'மேக்', 2007இல் 'புட்', 2011இல் 'ரன்' என அது மாறிற்று. 'ரன்' என்னும் சொல்லுக்கான பதிவைத் திருத்தி அமைக்க அகராதிப் பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன. வினைவடிவத்துக்கு மட்டும் அதில் இடம்பெற்ற பொருள்கள் 645. உலக இதழ்கள் இந்த எண்ணை வியந்து எழுதின. எண்ணைவிட, அது சேர்ந்த விதமே ஆராயத் தக்கது.

ஒரு சொல்வடிவம் பல பொருள் தருவதில் இரு வகை உண்டு. கூரையில் வேயும் 'ஓடு' வேறு, கால்களால் 'ஓடு' என்பது வேறு. ஒலியால் ஒன்றுபட்ட இவை வேரால் தொடர்பில்லாத இரண்டு சொற்கள். 'ரன்' அத்தகையதன்று, அதன் பொருள்கள் அனைத்தும் ஒரே குடும்பத்தில் கிளைத்தவை. தொல்காப்பியம், பெயர்ச்சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்தும் பொறுப்பை உடன் வரும் வினையிடம் ஒப்படைத்து, அத்தகைய சொல்லை 'வினைவேறுபடூஉம் பலபொருள் ஒருசொல்' என்கிறது. மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. 'ரன்' இதற்குத் தலைகீழான நிலையில் இருக்கிறது. இங்கே வினையே ஐயத்துக்குரியது. எழுவாயும் செயப்படுபொருளும் சேர்ந்துதான் அதன் பொருளை நிறுத்துகின்றன.

இந்தப் பெருக்கத்தின் முதற்காரணம் பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. இன்று ஒன்றாகத் தோன்றும் இச்சொல் தொடக்கத்தில் இரண்டு வினைகள். தானே ஓடுவதையும் நீர் ஒழுகுவதையும் குறித்த 'ரின்னன்' என்பது தன்வினை. அது 'இர்னன்' என்றும் வழங்கியது. தசை என்பது சதை எனத் தமிழில் எழுத்து முன்பின்னாக மாறி வழங்குவது போன்ற மாற்றமே இது. குதிரையை ஓடச்செய்வதைக் குறித்த 'ஆர்னன்' என்பது பிறவினை, அதாவது பிறரை அல்லது பிறிதொன்றைச் செய்யவைக்கும் வினை. வைக்கிங் குடியேற்றங்களோடு வந்த நார்ஸ் மொழியின் 'ரென்னா' என்னும் சொல்லும் இவற்றோடு கலந்தது. பின்னர் உருபுகள் தேய்ந்து, தன்வினையும் பிறவினையும் ஒரே வடிவத்தில் ஒடுங்கின. ஜெர்மன் மொழியோ நீர் ஒழுகுவதற்கு 'ரின்னன்' என்றும், மனிதர் ஓடுவதற்கு, முதலில் பிறவினையாயிருந்த 'ரென்னன்' என்றும் இரண்டையும் இன்றுவரை தனித்தனியே வைத்திருக்கிறது.

தமிழில் ஓடு, ஓட்டு என்னும் இணை இருப்பதால் இந்தக் கலப்பின் விளைவைத் தமிழ் வாசகர் எளிதில் உணரலாம். பேருந்து ஓடுகிறது, ஓட்டுநர் ஓட்டுகிறார். காலம் ஓடுகிறது, ஏழை காலத்தை ஓட்டுகிறார். தமிழ் இரண்டு வடிவங்களால் செய்யும் இந்த வேலையை ஆங்கிலம் ஒரே 'ரன்' கொண்டு செய்கிறது. நிறுவனத்தை நிர்வகித்தல், விளம்பரம் வெளியிடுதல், ஆய்வுக்கூடத்தில் சோதனை நடத்துதல், மதுவிலக்கு நடப்பிலிருந்த 1920 முதல் 1933 வரையிலான அமெரிக்காவில் சாராயம் கடத்துதல் என்று செயப்படுபொருள் ஏற்கும் பயன்பாடுகள் எல்லாம் பெரும்பாலும் இந்த 'ஓட்டு' வழியில் வந்தவை. 645இல் கணிசமான பங்கு இந்தப் பிறவினைக்கு உரியது.

நீர்வழிப் பொருள்களும் குறைந்தவையல்ல. மூக்கு ஒழுகுவதும், துவைக்கும்போது துணியின் சாயம் கரைந்து பரவுவதும், மெழுகு உருகி வழிவதும் ஆங்கிலத்தில் 'ரன்' தான். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்வதற்காகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் 'ரென்னட்' என்பதும் இந்த வேரைச் சேர்ந்தது. திரிவதைத் துளிகள் ஓடி ஒன்றுசேர்வதாகக் கண்ட பழைய பார்வை அதில் உறைந்திருக்கிறது.

மூலப்பொருள் முற்றிலும் கரைந்த பிறகும் சொல் நிலைப்பதற்குக் கிரிக்கெட்டைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 18ஆம் நூற்றாண்டில் கணக்கர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டு இட்டதால், அக்காலத்தில் 'நாட்ச்', அதாவது வெட்டு என்பதே புள்ளியின் பெயராகவும் வழங்கியது. 'ரன்' பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது. இன்று பந்து எல்லைக்கயிற்றைத் தொட்டுவிட்டால் மட்டையாளர் நின்ற இடத்திலேயே நிற்க, நான்கு 'ரன்' ஏறிவிடுகிறது. மாறாக, உண்மையாகவே இரண்டு முறை ஓடியவர் முதல் முனையில் திரும்பும்போது மட்டையைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றத் தவறினால், நடுவர் கையை மடக்கி விரல்நுனிகளால் தோளைத் தொட்டு 'ஷார்ட் ரன்' என அறிவித்து ஒன்றைக் கழித்துவிடுவார். ஓடாதவருக்கு நான்கு கிடைப்பதும், ஓடியவருக்கு ஒன்று குறைவதும் அந்த ஆட்டத்தின் விதி. 'அவுட்' என்னும் துணைச்சொல் சேர்ந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஆடுகளத்தில் 'ரன் அவுட்' என்பது ஆட்டமிழப்பு, அடுக்களையில் அதுவே சர்க்கரை தீர்ந்துபோவது.

இரண்டாவது பெரிய காரணம் எந்திரம். தொழிற்புரட்சிக்குப் பின் ஆலையும் நீராவிப்பொறியும் ரயிலும், பின்னர் மோட்டாரும் கணினி நிரலும் 'ஓட' தொடங்கியதால் இச்சொல் புதிய கிளைகளை விட்டது என்பது, 2011இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதிய சைமன் வின்செஸ்டரின் கருத்து. அது பெரிதும் ஏற்கத்தக்கதே. இருப்பினும் எந்திர யுகம் ஆங்கிலத்துக்கு மட்டும் இந்த வசதியைத் தரவில்லை. 1944இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டு 'ஓடியது' என்று எழுதும் தமிழரும், லண்டனில் 1952 நவம்பரில் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனா தடுக்கும் வரை இடையறாது நடந்த அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகத்தின் 'ரன்' பற்றி எழுதும் ஆங்கிலேயரும் ஒரே உருவகத்தையே கையாளுகின்றனர்.

பொருளியலில் வழங்கும் 'பேங்க் ரன்' தனியே நோக்கத் தக்கது. வங்கி கடனாகவும் முதலீடாகவும் பணத்தை வெளியே விட்டிருப்பதால், வைப்புத்தொகை முழுவதையும் ஒரே நாளில் திருப்பித் தர எந்த வங்கியாலும் இயலாது. அதன் நிலை பற்றிய ஐயம் பரவியதும், முந்தியவருக்குத்தான் பணம் என்ற அச்சத்தில் வைப்பாளர்கள் அனைவரும் ஒருசேர மொய்ப்பதே இதன் பொருள். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் வரிசைகள் தெருவரை நீண்டன. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் எடுக்க முற்பட்ட தொகை ஏறத்தாழ 4,200 கோடி டாலர். அதன் பெரும்பகுதி கணினியிலும் கைபேசியிலும் விரலால் தட்டி எடுக்கப்பட்டது. முன்னதில் மக்கள் அசையாமல் நின்றனர், பின்னதில் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. இரண்டும் 'ரன்' தான்.

தேர்தலில் ஆங்கிலத்துக்குள்ளேயே பிளவு உண்டு. அமெரிக்காவில் வேட்பாளர் 'ஓடுகிறார்', பிரிட்டனில் 'நிற்கிறார்'. தமிழ்நாட்டு வழக்கு பிரிட்டனோடு ஒத்துப்போகிறது. துணை அதிபர் வேட்பாளரை அமெரிக்கர் அழைக்கும் 'ரன்னிங் மேட்' என்னும் தொடர் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஒரே லாயத்தின் முதன்மைக் குதிரைக்கு வேகம் அமைத்துக் கொடுக்க இறக்கப்படும் இன்னொரு குதிரைக்கு முதலில் அப்பெயர் வழங்கியது. அந்தப் பதவியின் இயல்பை அறிந்தோர்க்கு அது பொருத்தமாகவே படும்.

இவ்வளவும் கண்ட பின் 645 என்னும் எண்ணை அப்படியே நம்புவது தேவையில்லை. எந்திரம், கடை, கட்சி என்று செயப்படுபொருள் மாறுந்தோறும் புதிய பொருள் எனப் பிரிப்பதா, 'இயங்கச்செய்தல்' என ஒன்றாக அடக்குவதா என்பது அகராதியாளரின் முடிவு. வேறொரு குழு அமர்ந்தால் எண்ணிக்கை கூடலாம், குறையலாம். ஆங்கிலம் பேசுபவர் எவரும் 645 பொருள்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. ஒழுகுதல், விரைதல், இயங்குதல், இயக்குதல் என்னும் நான்கைந்து கருக்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை இடம் நோக்கி உணர்ந்துகொள்கிறார்.

தமிழில் மொழிபெயர்ப்போர் சறுக்குவதும் இங்கேதான். படம் ஓடுவதும் நிரலை ஓட்டுவதும் தமிழில் இயல்பாக அமைந்துவிட்டதால், எல்லா 'ரன்'னுக்கும் 'ஓட்டம்' பொருந்தும் என்ற துணிவு பிறந்து, 'பேங்க் ரன்' என்பது 'வங்கி ஓட்டம்' ஆகிவிடுகிறது. அத்தொடரைப் படிக்கும் வாசகர் வங்கி ஊழியர்களின் ஓட்டப்பந்தயம் என்றே கருதக்கூடும். 'வைப்புப் பணத்தைத் திரும்பப் பெற முண்டியடிப்பு' என்பது நீளமான தொடரே ஆயினும், செய்தித்தாளில் அதுவே எழுதத் தக்கது.

(தொடரும்)