பனிக்குப் பஞ்சமில்லை, சட்டத்தில்தான் சறுக்கல்
இணையவழிக் குளிர்கால விளையாட்டுத் தொடருக்கு இடம் எங்கே?

புதுடெல்லி: காஷ்மீரின் குல்மார்க்கில் 2025 பிப்ரவரி 22-ம் தேதி தொடங்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனிப்பொழிவு இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடைபெற்றன. கணினித் திரையில் இந்தக் கவலை இல்லை. அங்கு ஆண்டு முழுவதும் பனி உண்டு. ஆனால், பனிச்சறுக்கு போன்ற விளையாட்டுகளை இணையத்தில் ஆடும் இளைஞர்களுக்காக இந்தியாவில் ஒரு போட்டித் தொடரை நடத்த முன்வருவோர், வானிலையை விடச் சட்டத்தைப் பற்றியே அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய முயற்சி உலகுக்குப் புதிதல்ல. தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் 2018-ல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் ஆதரவுடன் இன்டெல் நிறுவனம் கணினி விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது. பனிச்சறுக்கை மையமாகக் கொண்ட 'ஸ்டீப்' என்ற விளையாட்டு அப்போது காட்சிப் போட்டியாக இடம்பெற்றது.

வரையறையில் சிக்கல்

இந்தியாவில் 'இ-ஸ்போர்ட்ஸ்' எனப்படும் மின்னணு விளையாட்டுப் போட்டிகள், 2022 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்க்கப்பட்டன. மற்ற இணைய விளையாட்டுகள் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. தொடர்ந்து, இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

பணம் கட்டிப் பணத்தை எதிர்பார்த்து ஆடும் விளையாட்டுகளை, அவை திறமை சார்ந்தவையா, அதிர்ஷ்டம் சார்ந்தவையா என்று பாராமல் இச்சட்டம் தடை செய்கிறது. மீறி நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். இ-ஸ்போர்ட்ஸுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதில் நுழைவுக் கட்டணம் வாங்கலாம். திறமைக்குப் பரிசுத்தொகையும் வழங்கலாம். பந்தயம் மட்டும் கூடாது.

ஆனால், இந்த விலக்கைப் பெற, பல விளையாட்டுகள் அடங்கிய பெருவிழாக்களில் இடம்பெற்றதாகவும், தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்டதாகவும், உரிய ஆணையத்தில் பதிவு பெற்றதாகவும் அந்த விளையாட்டு இருக்க வேண்டும். 2023-ல் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய 7 மின்னணு விளையாட்டுகள் இருந்தன. அவற்றில் குளிர்கால விளையாட்டு ஒன்றுகூட இல்லை. சவூதி அரேபியாவில் நடத்தத் திட்டமிடப்பட்ட இ-ஸ்போர்ட்ஸ் ஒலிம்பிக்குக்கான ஒப்பந்தமும் 2025 அக்டோபரில் முறிந்துபோனது.

ஆகவே, அங்கீகாரம் பெறாத ஒரு பனிச்சறுக்கு விளையாட்டில், செலவை ஈடுகட்ட 100 ரூபாய் கட்டணம் வாங்கி, வெற்றி பெற்றவருக்குப் பரிசுத்தொகை கொடுத்தால்கூட, அது தடை செய்யப்பட்ட பண விளையாட்டாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. கட்டணமே வாங்காமல் புரவலர் பணத்தில் நடத்துவதுதான் பாதுகாப்பான வழி. பெரு நிறுவனங்களுக்கு அது எளிது. கல்லூரி மாணவர் சங்கங்களுக்கும் சிற்றூர் மன்றங்களுக்கும் எளிதல்ல. கபடிக்கு உரிமையாளர் எவரும் இல்லை. கணினி விளையாட்டுக்கோ அதை உருவாக்கிய நிறுவனமே உரிமையாளர். அதன் அனுமதியையும் தனியே பெற்றாக வேண்டும்.

மாநிலங்களின் குரல்

அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 33-வது இனமாக விளையாட்டும், 34-வது இனமாகப் பந்தயமும் சூதாட்டமும் உள்ளன. இணையச் சூதாட்டத்துக்குத் தடை விதித்து தமிழக சட்டப்பேரவை 2022-ல் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றிய பிறகே, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ரம்மி, போக்கர் ஆகியவற்றுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சூதாட்டத்தைத் தடுக்க இவ்வளவு போராடிய மாநிலம், எது நேர்மையான விளையாட்டு என்று முடிவு செய்வதிலும் பங்கு கேட்பது நியாயமே.

பனியே பார்க்காத மாநிலம் என்று தமிழகத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. 2025 ஜனவரியில் லடாக்கின் லே நகரில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில், பனித்தளச் சறுக்கில் தமிழக வீரர்கள் தங்கப் பதக்கங்கள் வென்றனர். லே வரை செல்ல வசதியில்லாத இளைஞருக்குக் கணினித் திரை முதல் படியாக அமையக்கூடும். அந்தப் படியில் அவர் கால் வைப்பதற்குள், சூதாட்டம் எது, விளையாட்டு எது என்பதைச் சிறிய அமைப்பாளர்களுக்கும் புரியும்படி வரையறுப்பது டெல்லியின் கடமை.