பிக்கப்பின் பிளக்: பார்த்து வாங்குவதும் மாற்றுவதும்



தோட்டக் குடும்பங்களில் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வைத்திருப்போர் பலர். தோட்ட வேலை முடிந்த பிற்பகலில் கீரையும் மரவள்ளியும் ஏற்றிப் பசாருக்குப் போவதும், ஆட்டுக்குத் தழை கொண்டு வருவதும், கேஸ் தோம்பு வாங்கி வருவதும் அந்த வண்டியில்தான். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் செம்மண் சாலையைத் தாண்டிப் பட்டணத்து மருத்துவமனைக்குப் போவதும் அதே வண்டியில்தான். அந்த வேளையில் சாவியைத் திருப்பினால் இயந்திரம் முனகுமே தவிர உயிர் பெறாது என்றால் வீட்டாரின் நிலை என்ன? பெட்ரோல் வண்டிகளில் இப்படி நேரும்போது முதலில் பார்க்க வேண்டிய பொருள்களில் ஒன்று, விரல் நீளமே உள்ள ஸ்பார்க் பிளக். நம் பேச்சு வழக்கில் வெறும் பிளக். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒரு சொல். உங்கள் வண்டி டீசலா, பெட்ரோலா? இந்நாட்டில் ஓடும் பெரிய பிக்கப்புகளில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். டீசல் இயந்திரத்தில் காற்றை மிகவும் அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், பொறி தேவையில்லை. அதிலே இருப்பது குளிரில் சூடேற்றிக் கொடுக்கும் வேறு வகைப் பிளக். ஆகவே நாம் இங்கே கூறுவது நிஸ்ஸான் வேனட், டைஹட்சு ஹைஜெட், பழைய டட்சன் போன்ற பெட்ரோல் வண்டிகளுக்கு. மோட்டார் சைக்கிளுக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தப்பட்டு நிற்கும்போது, பிளக்கின் நுனியில் உள்ள சிறு இடைவெளியை மின்சாரம் தாவிக் கடக்கிறது. அந்தப் பொறியே கலவையைக் கொளுத்துகிறது. தாவுவதற்குப் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். வண்டியின் பேட்டரியோ 12 வோல்ட். இடையிலே இருக்கும் காயில் என்னும் கருவி அதைப் பெருக்கித் தருகிறது. இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் 1,500 முறை பொறி விட வேண்டும். அதாவது ஒரு வினாடிக்கு 25 முறை. ஜெர்மனியில் ராபர்ட் போஷின் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் என்னும் பொறியாளர் 1902-இல் உயர் அழுத்த மின்சாரமும் பிளக்கும் சேர்ந்த அமைப்பை உருவாக்கினார். அதன் பிறகே மோட்டார் வண்டிகள் வேகமெடுத்தன எனலாம்.

இனி, கடையில் எந்தப் பிளக்கைக் கேட்பது? “வேனட்டுக்குப் பிளக் கொடுங்கள்” என்றால் கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆயினும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அச்சிட்டுள்ள எழுத்துகளை வீட்டில் ஒருவராவது படிக்கத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை இதற்குப் பழக்கலாம். எடுத்துக்காட்டாக, என்.ஜி.கே. நிறுவனத்தின் பி.பி.6.இ.எஸ். என்னும் பிளக்கை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து மரையின் பருமனைச் சொல்கிறது: 14 மில்லிமீட்டர். இரண்டாவது, நுனி சற்றே வெளியே நீண்டிருப்பதைக் குறிக்கும். இ என்றால் மரைப்பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர். இந்த நீளத்தில் விளையாடக் கூடாது. குட்டையான பிளக்கைப் போட்டால் பொறி உள்ளே எட்டாது; காலியாக இருக்கும் மரையிலும் கரி படியும். நீளமானதைப் போட்டால் பிஸ்டன் மேலே வரும்போது அதன் தலையில் இடிக்கக்கூடும். பிறகு பிளக் விலையோடு முடியாது.

நடுவில் உள்ள 6 என்ற எண்ணே பலரைக் குழப்புவது. அது வெப்பத் தரம். பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 பாகையைத் தாண்டிப் போய்விட்டாலோ பொறி வருமுன்பே கலவை பற்றிக்கொண்டு, நாளடைவில் பிஸ்டனையே ஓட்டையாக்கும். இந்த இரண்டுக்கும் இடையே நிற்கும்படி ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் எண்ணை வண்டி செய்தவர்கள் குறித்துள்ளார்கள். என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ச்சியானது. போஷ், சாம்பியன் பிளக்குகளில் நேர்மாறு. எண் ஏறினால் சூடானது. நிறுவனம் மாற்றி வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஈடான பிளக் எது என்று கடையில் உள்ள அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.

தோட்டத்து வண்டிகளுக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம் உண்டு. லயத்திலிருந்து பால் ஸ்டோருக்கு, அங்கிருந்து கடைத்தெருவுக்கு என்று இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து, இயந்திரம் சூடேறுமுன் நின்றுவிடும் ஓட்டம். நுனிக்குப் போதிய சூடு கிடைக்காமல் பிளக் கரியாகிறது. உடனே யாராவது, “சூடான பிளக்காகப் போடு, சரியாகிவிடும்” என்பார்கள். அது அவசர வைத்தியம் என்பது நம் கருத்து. அதே வண்டி சுமையோடு மேட்டிலும் நெடுஞ்சாலையிலும் ஓடும் நாளில் அந்தப் பிளக் மிஞ்சிய சூட்டுக்குப் போய்விடும். முதலில் காற்று வடிகட்டியைத் தட்டிப் பாருங்கள். செம்மண் தூசியால் அடைத்திருக்கும். சோக் முழுதும் திறக்கிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை வண்டியைப் பெரிய சாலையில் அரை மணி நேரம் ஓட்டினாலே பாதிக் கரி போய்விடும்.

எண்ணுக்கு முன்னால் ஆர் என்னும் எழுத்து இருந்தால் உள்ளே மின்தடை உண்டு என்று பொருள். அது இல்லாத பிளக் வானொலியில் கரகரவென்று இரைச்சலை உண்டாக்கும். வண்டியில் போகும்போது எங்கள் பேச்சு உங்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் ஆர் உள்ளதையே வாங்குங்கள்! கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளுக்கு அது கட்டாயம்.

இரிடியம் பிளக் வாங்கலாமா என்று கேட்பீர்கள். சாதாரண நிக்கல் பிளக் சுமார் 20,000 கிலோமீட்டர் உழைக்கும். இரிடியம் அதைப்போல் பல மடங்கு உழைக்கும். விலையும் பல மடங்கு. கார்பரேட்டர் உள்ள, எண்ணெய் குடிக்கும் பழைய வண்டிக்கு அந்தச் செலவு வீண். நான்கு நிக்கல் பிளக்குகளை நாள் பார்த்து மாற்றுவதே சிக்கனம்.

மாற்றும் முறைக்கு வருவோம். இயந்திரம் நன்றாக ஆறட்டும். தலைப்பகுதி அலுமினியம் என்பதால் சூட்டில் திருகினால் மரை கழன்றுவிடும். அதைச் சரிசெய்யும் கூலியில் பல செட் பிளக் வாங்கலாம். வேனட், ஹைஜெட் போன்றவற்றில் இருக்கையைத் தூக்கினால்தான் இயந்திரமே தெரியும். நான்கு கம்பிகளுக்கும் முன்கூட்டியே எண் எழுதி ஒட்டுங்கள். ஒன்றை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கம்பி இடம் மாறினால் வண்டி இருமும், வெடிக்கும், ஓடாது. கம்பியைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் மூடியைப் பிடித்துச் சற்றே திருகி எடுக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள். ஒரு சுற்று தளர்த்திவிட்டு மறுபடியும் ஊதுங்கள். அந்த மண் சிலிண்டருக்குள் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான்.

கழற்றியவற்றை வரிசை மாறாமல் செய்தித்தாளின் மேல் அடுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போல் இது. இளம் பழுப்போ வெளிர் சாம்பலோ ஆனால் நலம். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் பழுப்பு நிறம் நன்றாகத் தெரியும். ஈயமில்லாத பெட்ரோலில் நிறம் வெளுத்தே இருக்கும், அதற்காக அஞ்ச வேண்டாம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் மிகுதி, காற்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். புதிய பிளக் சில வாரம் தாங்கும், நோய் போகாது. வெளுத்துக் கொப்புளித்த நுனி அதிகச் சூட்டின் அடையாளம். அந்த வண்டியை உடனே பட்டறையில் காட்டுங்கள். நான்கில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில்.

புதுப் பிளக்கின் இடைவெளியை அளந்தே போட வேண்டும். பிளாட்டினா உள்ள பழைய வண்டிகளுக்கு ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர், மின்னணு முறையில் பொறி விடுபவற்றில் சிலவற்றுக்கு 1.1 வரை போகும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. இரும்பு அறுக்கும் வாளின் அலகை நுழைத்து அளப்பவர்கள் உண்டு. அந்த அலகு சுமார் 0.6 மில்லிமீட்டர்தான், ஆகவே கணக்கு தவறும். அளவுத் தகடு ஒரு செட் வாங்கி வையுங்கள். வளைப்பதானால் வெளிப்பக்கக் கொக்கியை மட்டும் மெல்ல வளையுங்கள். இரிடியத்தைத் தொடவே வேண்டாம்.

பிளக்கின் மேல்நுனியில் ஒரு துண்டு ரப்பர்க் குழாயைச் செருகி, குழாயை விரலால் சுற்றியே மரையில் ஏற்றுங்கள். கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கும், மரை பிழைக்கும். கையால் இறுகிய பிறகு, வளையம் உள்ள புதிய பிளக்கை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் திருகினால் போதும். முன்பே பயன்படுத்திய பிளக்கானால் கடிகாரத்தில் ஐந்து நிமிட முள் நகரும் அளவே. வளையமின்றிக் கூம்பாக அமர்பவற்றுக்கு அதைவிடவும் குறைவு. இன்னும் இறுக்கலாம் என்று கை துடிக்கும், விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்து மழைநாளில் மட்டும் வண்டி திணறுகிறதென்றால் பிளக்கின் மேல் பழி போடாதீர்கள். இரவில் விளக்கை அணைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, கையை உள்ளே நீட்டாமல் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வெடித்த கம்பியிலிருந்து நீலப் பொறி இரும்பின்மேல் தாவுவது கண்ணுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால் மாற்ற வேண்டியது கம்பிகளை.